தாய்லாந்துக் காவல்துறை அங்கு வாழும் வெளிநாட்டவருக்குத் தொல்லையா, துணையா?

இரண்டும் உண்டு, எந்தப் பிரிவோடு பழக நேர்கிறது என்பதைப் பொறுத்தே அனுபவம் அமைகிறது. குடிவரவுப் பணியகமும் அந்நாட்டுக் காவல்துறையின் ஓர் அங்கமே என்பதால், நீண்டகால விசாவில் தங்கியிருப்பவர், குற்றம் எதுவும் செய்யாவிட்டாலும், 90 நாட்களுக்கு ஒருமுறை தம் முகவரியை அதற்குத் தெரிவித்தாக வேண்டும். விசாக் காலம் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் வீதம் 20,000 பாட் வரை அபராதம் உண்டு.

மனக்கசப்பு பெரும்பாலும் சாலையில்தான் பிறக்கிறது. தலைக்கவசமோ செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமோ இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டிச் சோதனைச் சாவடியில் சிக்குபவரிடம் சில காவலர்கள் ரசீதின்றிப் பணம் கேட்பதாக நெடுங்காலமாகவே புகார் இருக்கிறது. அத்தகைய கையூட்டுக்கு அங்கே வழங்கும் பெயர் 'தேநீர்க் காசு' (நம் ஊர் 'டீ செலவு' நினைவுக்கு வரலாம்). ரசீது கேட்பதில் தவறில்லை. ஆனால், பிறர் முன்னிலையில் ஒருவரைத் தலைகுனிய வைப்பதைப் பெரும் அவமதிப்பாகக் கருதும் அச்சமூகத்தில், குரலை உயர்த்தினால் காரியம் கெடும் என்பதே என் கருத்து.

திருட்டு, ஏமாற்று போன்றவற்றில் மொழிச் சிக்கலால் உள்ளூர் நிலையத்தில் தடுமாறுபவர்கள், 1155 என்ற எண்ணில் சுற்றுலாக் காவல்துறையை அழைக்கலாம். அங்கே ஆங்கிலத்தில் பேச முடியும்.