பெட்டியைத் திறக்கும் முன் அத்தையைக் கேட்டீர்களா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் பழைய பருத்திப் புடவைகளை வெட்டி இணைத்து, கையாலேயே ஒட்டுத்துணிப் போர்வை தைத்து வருகிறேன். ஊசியோடு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரிவதில்லை. நல்லவேளையாக, எங்களுடன் இருக்கும் 84 வயது மாமியாரின் பெட்டியில் சுங்குடிப் புடவைகள் நிறைய இருந்தன. அவருக்கு இப்போது நைட்டிதான் என்பதால் எடுத்துக்கொண்டேன். ஆனால் கணவரும் மகனும் ‘வேலையற்ற வேலை’ என்று கேலி செய்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அந்தக் கேலியைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. இதே புகார் எனக்கு அடிக்கடி வருகிறது. போர்வை முடிந்ததும் முதலில் இழுத்துப் போர்த்திக்கொள்பவர்கள் கேலி செய்தவர்களாகவே இருப்பார்கள்.

என்னை உறுத்துவது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட பெட்டி விஷயம். அத்தையைக் கேட்டதாக நீங்கள் எங்கும் சொல்லவில்லை. புடவையை விட்டு நைட்டிக்கு மாறியது அவருடைய விருப்பமா, அல்லது உடுத்திவிட வீட்டில் யாருக்கும் பொழுதில்லை என்பதாலா? எவர்சில்வர் பாத்திரக்காரர் தெருவில் கூவிக்கொண்டு போன எத்தனையோ நாட்களில் அந்தப் புடவைகளைப் போட்டு ஓர் அண்டாவோ குடமோ வாங்கியிருக்கலாம். அவர் வாங்காமல் மடித்து வைத்திருந்தார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். உயிரோடு, அதே வீட்டில் இருப்பவரின் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோல் வைப்பதற்கு, வயதாகிவிட்டது என்பது அனுமதியாகாது.

கைத்தையலின் சுகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது தனியறைப் பொழுதுபோக்காகப் பிறந்ததல்ல. வங்காளத்தில் நைந்த புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே உருவிய நூலால் காந்தா என்னும் போர்வை தைத்தார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள், ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதிவரை தைத்துக் கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வை செய்கிறார்கள். வீட்டார் உடுத்திய துணி வீட்டாரையே போர்த்தும் வேலை அது. நம் ஊரிலும் பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழம்புடவையில்தான் கிடத்தினோம். அந்தப் பாட்டியை விலக்கிவிட்டு அவர் புடவையை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப்படவில்லை.

நாளைக் காலை, வெட்டியவற்றையும் வெட்டாதவற்றையும் அத்தையின் கட்டிலில் பரப்பி, கேட்காமல் எடுத்தது தவறு என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றும் எப்போது வாங்கியது என்று கேளுங்கள். கைச்சுங்குடியானால், மதுரையில் யாரோ ஒரு பெண் ஒவ்வொரு புள்ளிக்கும் துணியைக் கிள்ளி நூலால் முடிந்திருப்பார்; அந்தப் புள்ளிகளை எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று அத்தை சொல்லட்டும். ‘இது வேண்டாம்’ என்றால் மறுபேச்சின்றி மடித்து வையுங்கள்.

பிறகு அவரையும் வேலையில் சேருங்கள். சாயம் இறங்கும் துணிகளைத் தனித்தனியாக அலசி உலர்த்துவது உங்கள் வேலை. வெளிச்சத்தில் பிடித்து, ஊசி தாங்காத நைந்த இடங்களைத் தடவிக் கண்டுபிடிப்பது அவர் வேலை. சென்னை வெக்கைக்குப் பஞ்சு வேண்டவே வேண்டாம். மேலும் கீழும் புடவை, நடுவே ஒரு பழைய வேட்டி என்பதே போதும். கண் மங்கியவர் என்றால் நீங்களே நாலைந்து ஊசிகளில் நூல் கோத்துத் தலையணையில் குத்தி வையுங்கள். ஒரு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள், சிக்கு விழும். அவர் போடும் ஓட்டுத் தையல் கோணலாகப் போனால், அவர் தூங்கும்போது பிரித்துத் தைத்துவிடாதீர்கள். அது பெரிய அவமானம். கை நடுங்கி ஊசியே பிடிக்க முடியாவிட்டால், எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்று அடுக்கிக் காட்டட்டும்.

முடியும் முதல் போர்வை அத்தையின் கட்டிலுக்குப் போகட்டும். இன்னும் துணி தேவைப்பட்டால் தெருமுனைத் தையல் கடையில் வெட்டுத்துணி கேட்டு வாங்குங்கள். பெட்டியில் மிச்சமிருப்பதை அவராக எடுத்துக் கொடுக்கும்வரை தொடாதீர்கள்.