அடி வாங்குவதுதான் என் ராசியா?

கேள்வி: எனக்கு 34 வயது. சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு வந்து பெல்ட்டால் அடிப்பார். கல்யாணம் ஆனது, கணவரும் கை நீட்டினார், 5 வருடத்தில் விலகி வந்துவிட்டேன். இப்போது ஒருவரோடு ஒரு வருடப் பழக்கம். போன மாதம் என் போனைப் பிடுங்கி எறிந்து கையை முறுக்கிவிட்டார். "நீயாகத் தேடிப் போய் விழுகிறாய்" என்கிறாள் அக்கா. என் ராசியே இப்படித்தானா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: கையை முறுக்கியது அவர். அதற்குப் பொறுப்பும் அவர் மட்டும்தான். இதில் உங்கள் ராசிக்கு ஒரு வேலையும் இல்லை.

சரி, ஏன் திரும்பத் திரும்ப? அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே இன்றைக்கு எப்படி என்று கணக்குப் போட்ட பிள்ளை நீங்கள். எதிர்த்தால் இன்னும் நாலு அடி விழும், அதனால் உறைந்து நின்று, வலி தெரியாதபடி மனதை வேறெங்கோ அனுப்பிவிடப் பழகியிருப்பீர்கள். அன்று அதுதான் உங்களைக் காப்பாற்றியது. ஆனால் அந்தப் பழக்கம் வளர்ந்த பிறகும் கூடவே வருகிறது, ஒருவர் குரலை உயர்த்தும்போது "இவனிடமிருந்து தள்ளிப் போ" என்று உடம்பு சொல்ல வேண்டிய இடத்தில் உள்ளே எல்லாம் மரத்துப்போகிறது. சிலருக்கு நேர் எதிராக, கதவு அடித்துச் சாத்தினாலே நெஞ்சு படபடக்கும். எல்லாவற்றுக்கும் படபடத்தால் நிஜ ஆபத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அமெரிக்க உளவியலாளர் ஜெனிபர் ஃப்ரெய்ட் 1996-ல் எழுதிய ஒரு விளக்கம் உங்களுக்கு உதவும். அடிப்பவரே சோறும் போடுபவராக இருந்தால், நடப்பதை முழுசாகப் பார்ப்பது குழந்தைக்குக் கட்டுப்படியாகாது, அதனால் மனம் பார்க்காமல் இருந்துவிடுகிறது. அப்பா கெட்டவர் என்று நம்புவதைவிட நான் கெட்டவள் என்று நம்புவது அந்த வயதில் சுலபம். போன மாதம் கை வலித்தபோது "நான் என்ன சொல்லித் தொலைத்தேன்" என்றுதானே முதலில் யோசித்தீர்கள்? நீங்கள் அப்படி யோசிக்கிற நேரமெல்லாம் அவருக்குக் கிடைக்கிற அவகாசம்.

இது விதி கிடையாது. உங்களுக்கு நடந்தது அடி என்றாலும் இதைக் கேளுங்கள்: சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களைப் பற்றிய 80 ஆய்வுகளை 2019-ல் சேர்த்துப் பார்த்தபோது, சுமார் 48 சதவீதம் பேர் மறுபடியும் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். பெரிய எண்தான், எனக்கும் மனசு கனத்தது. ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது திரும்ப நடக்கவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

இப்போதைக்கு அவரைத் தனியாகச் சந்திக்காதீர்கள். விலகிப் போகப் போவதாகவும் தனியாக இருக்கும்போது சொல்ல வேண்டாம், பிரிகிற நேரத்தில்தான் பலர் மூர்க்கமாகிறார்கள். மிரட்டினால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். நடந்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், காரணம் எதுவும் சேர்க்காமல், ஏனென்றால் ஒரு மன்னிப்பு வந்ததும் நினைவு அதைச் சின்னதாக்கிவிடும். அப்புறம், சிறுவயதுக் காயங்களில் அனுபவமுள்ள மனநல ஆலோசகரைப் பாருங்கள். உடம்பு என்ன சொல்கிறது என்று கவனிப்பதையும் "வேண்டாம்" என்று சொல்வதையும் அங்கே பழக முடியும். உடனே யாரிடமாவது பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அக்காவிடமும் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். அவரும் அதே வீட்டில் வளர்ந்தவர்தானே, அந்த பெல்ட் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.