58இல் விலகித் தோட்டம் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. வேலையில் 60 வரை இருக்கலாம். ஆனால் 58இல் விலகிவிட ஆசை. கணவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார். இருவருக்கும் மாத ஓய்வூதியம் கிடையாது. பிள்ளைகள் தங்கள் காலில் நிற்கிறார்கள். சொந்த வீடு, பின்புறம் கொஞ்சம் வெற்று நிலம். வீட்டுக் கடனில் மூன்று ஆண்டுத் தவணை பாக்கி. எங்கள் செலவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. வீட்டின் மதிப்பைச் சேர்க்காமல், ஓராண்டுச் செலவைப் போல் 21 மடங்கு சேமிப்பு இருக்கிறது. ஆண்டுச் செலவில் 30 சதவீதம் அளவுக்கு இப்போதும் மிச்சம் பிடிக்கிறோம்.

தோட்டம் போட வேண்டும், பார்த்துப் பல வருடமான தோழிகளோடு பொழுது போக்க வேண்டும். வேலைநாளின் பகல் வெளிச்சத்தில் என் வீடு எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது; அதையும் பார்க்க வேண்டும். கணவரோ, வீட்டை விற்று அடுக்குமாடிக்குப் போனால் பணமும் மிஞ்சும், வேலையும் குறையும் என்கிறார். 58 சாத்தியமா? ஒரு மரக்கன்று வாங்கி வைத்திருக்கிறேன். இப்போதே நடலாமா, ஓய்வுக்குப் பிறகா?

பதில்: பெரும்பாலான கடிதங்களில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். அதைச் செலவின் மடங்காகக் கணக்கிட்டு எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்த 21 சரியான எண் இல்லை. ஒரு பக்கம் கூட்டிச் சொல்லியிருக்கிறீர்கள், மறு பக்கம் குறைத்திருக்கிறீர்கள்.

ஆண்டுச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு 2,100. அந்த 100இல் 20 தவணைப் பணம். அது மூன்று ஆண்டில் நின்றுவிடும். முன்கூட்டியே அடைக்க அபராதம் இல்லையென்றால் இன்றே சேமிப்பிலிருந்து எடுத்து அடைத்துவிடுங்கள். வட்டி போக அசல் சுமார் 55 இருக்கும். மீதி 2,045, செலவு 80. இப்போது 25 மடங்கைத் தாண்டிவிட்டீர்கள்.

உடனே ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். அந்த 80 வேலைக்குப் போகும் பெண்ணின் செலவு. நீங்கள் ஆசைப்படும் வாழ்க்கை அதில் ஒரு வரி கூட இல்லை. தோட்டம் இல்லை, தோழிகளைப் பார்க்கப் போகும் பயணம் இல்லை. அலுவலகம் மருத்துவக் காப்பீடு தந்துகொண்டிருந்தால், விலகும் நாளில் அது பெரும்பாலும் நின்றுவிடும். உங்கள் சொந்தப் பணத்தில் எடுக்க வேண்டும், அதுவும் வயது ஏறியபின். வீட்டுப் பராமரிப்பும் இல்லை. போக்குவரத்துச் செலவு குறையுமே என்பீர்கள். குறையும். ஆனால் வாரத்தில் ஏழு நாளும் சனிக்கிழமையாகிவிட்டால் கை எங்கெங்கோ நீளும். நான் குறைந்தது 15 சேர்ப்பேன். செலவு 95, மடங்கு மறுபடி 21½க்கு இறங்கிவிடுகிறது.

இங்கிருந்து கணக்கைத் தொடங்குவோம். சேமிப்பு பணவீக்கத்தைவிட ஆண்டுக்கு 2 சதவீதம் கூடுதலாக வளர்கிறது, தவணைக்குப் போன பணமும் இனி சேமிப்பில் சேர்கிறது என்று கொண்டால், 58இல் ஏறக்குறைய 23½ மடங்கு, 60இல் 25½ மடங்கு இருக்கும். 25 மடங்கு என்ற அளவுகோல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் செய்த கணக்கிலிருந்து வந்தது. முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டே போனால், முப்பது ஆண்டுக்குப் பணம் தாங்கும் என்றார். அவர் பார்த்தது அமெரிக்கச் சந்தையின் வரலாற்றை மட்டுமே. எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அளவுகோலாக மட்டும் வைத்துக்கொண்டால், 60இல் நீங்கள் கோட்டைத் தாண்டியிருப்பீர்கள், 58இல் கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கம்.

எனக்குக் கவலை அந்த ஒன்றரை மடங்கு பற்றி அல்ல, முதல் சில ஆண்டுகள் பற்றி. 1,000 வைத்திருக்கும் இருவர் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 50 எடுக்கிறார்கள். ஒருவருக்குச் சந்தை முதல் ஆண்டு 20 சதவீதம் இறங்கி, பிறகு 10, 30 என ஏறுகிறது. மற்றவருக்கு அதே மூன்று எண்கள் தலைகீழ் வரிசையில் வருகின்றன. மூன்றாம் ஆண்டு முடிவில் முன்னவரிடம் 957, பின்னவரிடம் 1,010. வரிசை மாறியதற்காகவே ஓராண்டுச் செலவு காணாமல் போகிறது. உடம்பில் தெம்பு இருக்கிற, அதிகம் செலவழிக்க ஆசை வருகிற ஆண்டுகளும் அதே முதல் ஆண்டுகள்தான். அதனால் விலகும்போது மூன்று ஆண்டுச் செலவு பங்குச் சந்தைப் பக்கமே போகாமல் வைப்புத்தொகை போன்றவற்றில் இருக்கட்டும். மீதியில் ஒரு பகுதி பங்குகளில் இருந்தே ஆக வேண்டும். பணவீக்கம் 6 சதவீதமாக இருந்தால் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். உங்கள் 82ஆம் வயதில் நான்கு மடங்கு.

58இல் முழுதாக விலகாமல், இரண்டு ஆண்டுக்குப் பாதி நேர வேலை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். செலவில் பாதியை அந்தச் சம்பளம் தாங்கினால் போதும், 60 வரை உங்கள் மடங்கு 23½ அருகிலேயே நிற்கும். பகல் வெளிச்சமும் பாதி வாரத்துக்குக் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் 59. என் முடிவு இதுதான்.

வீட்டு விஷயத்தில் உங்கள் கணவரின் கணக்கில் பாதி நியாயம் இருக்கிறது. பெரிய வீடு பணம் தின்னும். அதன் மதிப்பில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்வது எங்கள் நிதி ஆலோசனைத் தொழிலில் வழக்கம். ஆனால் அடுக்குமாடியின் மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தை நீங்கள் தள்ளிப்போட முடியாது, அது எவ்வளவு ஏறும் என்பதும் உங்கள் கையில் இல்லை. விற்கும்போது தரகு, வரி. வாங்கும்போது பதிவுச் செலவு. எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று அவரைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் செலவில் இரண்டு மூன்று ஆண்டுக்குக் கூட வராது என்றால் அதற்காகத் தோட்டத்தை விட வேண்டியதில்லை. இருப்பதாக முடிவானால், குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, கீழ்த்தளத்தில் படுக்கையறை ஆகியவற்றைச் சம்பளம் வரும்போதே செய்துவிடுங்கள். முதுமையில் ஒரு விழுகை பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும்.

தோட்டத்தில் செலவு செடிக்கு இல்லை. மண், எரு, தண்ணீர், குனிய முடியாத நாளில் கூலி ஆள், இவைதான் செலவு. என்னிடம் வந்த ஒருவர் ஓய்வு பெற்ற மாதமே நிலம் முழுவதையும் செடியாக்கினார். பிறகு மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்து, காய்ந்த கொம்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கட்டில் அளவு இடத்தில் இந்த ஆண்டே தொடங்குங்கள். என்ன செலவாகிறது, முட்டி எவ்வளவு தாங்குகிறது என்பது 58க்குள் தெரிந்துவிடும். இடுப்புயரப் பாத்தி கட்டினால் 75இலும் களை எடுக்கலாம்.

தோழிகள் விஷயத்தையும் ஓய்வுக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்ட் ஆய்வில், 80 வயதில் ஒருவர் ஆரோக்கியமாக இருப்பாரா என்பதை 50 வயதில் அவருடைய கொலஸ்டிராலைவிட அவருடைய உறவுகள் தந்த நிறைவுதான் நன்றாகக் காட்டியது. இருந்தும் நான் நிரப்பச் சொல்லும் படிவத்தில் காப்பீட்டுக்கு நான்கு கட்டங்கள் உண்டு, நட்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் 15இல் அதற்கென்று ஒரு தொகையைத் தனியே எழுதுங்கள்.

நட்பில் இன்னொரு செலவும் உண்டு, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. ஓய்வுக்காலப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்தது தெரிந்ததும் கைமாற்று கேட்டு ஒருவர் வருவார், ஜாமீன் கையெழுத்து கேட்டு இன்னொருவர் வருவார். ஜாமீன் மட்டும் யாருக்கும் போடாதீர்கள். அவருடைய கடன் ஒரே நாளில் உங்கள் கடனாகிவிடும், அதை அடைக்க உங்களுக்குச் சம்பளமும் இருக்காது. கைமாற்று என்றால், திரும்பி வராவிட்டாலும் அவரோடு சிரித்துப் பேச முடிகிற தொகையை மட்டும் கொடுங்கள். "பணம் எல்லாம் கணவர் பொறுப்பில்" என்று ஒரு பொய் சொல்லலாம். நானே அனுமதிக்கிறேன்.

மரக்கன்று: வீட்டை விற்பதில்லை என்று இருவரும் முடிவு செய்த அன்று மாலையே நட்டுவிடுங்கள். ஒட்டுக்கன்றாக இருந்தால், பல வகை மரங்கள் மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும். நீங்கள் வீட்டில் இருக்கும் முதல் பருவத்துக்குச் சரியாக வரும். சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் நன்றாகத் தள்ளி நடுங்கள். வேர் உள்ளே போய்விட்டால், அந்த ஒரு சதவீதம் போதாது.