அண்ணன் மகனா, ஆண்ட தம்பியின் மகனா?

கேள்வி: இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னர் 899-இல் இறந்ததும், அவர் மகன் எட்வர்டை எதிர்த்து எழுந்த எதெல்வோல்டைக் ‘கலகக்காரர்’ என்று ஒரு நூலில் படித்தேன். அவர் மூத்தவரின் பிள்ளை அல்லவா? அவருக்கு உரிமை இல்லையா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: அந்தச் சொல்லை நான் ஏற்க மாட்டேன். தென் இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் நாட்டை ஆண்ட, ஆல்ஃபிரடின் தந்தை எதெல்வுல்ஃபின் பிள்ளைகளில் நால்வர் ஒருவர் பின் ஒருவராக முடிசூடினார்கள். மூன்றாமவரான எதெல்ரெட் 871-இல் இறந்தபோது எதெல்வோல்ட் உள்ளிட்ட அவருடைய மகன்கள் சிறுவர்கள்; கடல் கடந்து வந்த டேனிய வைக்கிங் படையோ நாட்டுக்குள் நின்றது; ஆகவே கடைசித் தம்பி ஆல்ஃபிரட் அரசரானார். மூத்த மகனுக்கே முடி என்ற சட்டம் அங்கு அன்று கிடையாது. அரச குலத்து ஆண்மக்களை ‘ஏதெலிங்’ என்பார்கள். அவர்களுள் எவரை நாட்டுப் பெரியவர்கள் ஏற்கிறார்களோ அவரே மன்னர். நம் வளவு வீடுகளில் பங்காளிக்கு ஓர் அறை என்று பிரித்துக்கொள்ளலாம். அரியணையை அப்படிப் பிரிக்க முடியாதே.

ஆல்ஃபிரடின் உயில் இன்றும் கிடைக்கிறது. அண்ணன் பிள்ளைகளை வஞ்சித்துவிட்டதாக எவரும் சொல்லக்கூடாது என்பதற்காகச் சபையைக் கூட்டித் தந்தையின் உயிலைப் படிக்கச் செய்ததை அவரே அதில் விவரிக்கிறார். வஞ்சித்தார் என்ற பேச்சு ஊரில் இருந்திருக்கிறது என்றே நான் கொள்கிறேன். எதெல்வோல்டுக்கு அந்த உயிலில் கிடைத்தவை கோடல்மிங், கில்ட்ஃபோர்ட், ஸ்டெய்னிங் என்ற மூன்றே நிலங்கள். எட்வர்டுக்கோ மிகப் பல. நிலம் உள்ளவரிடம்தான் ஆள் சேரும்.

ஆல்ஃபிரட் மறைந்ததும் எதெல்வோல்ட் முதலில் கைப்பற்றிய ஊர்களில் ஒன்று விம்போர்ன். அவருடைய தந்தையை அடக்கம் செய்த ஊர் அது. தாம் யாருடைய மகன் என்பதை இதைவிட உரக்கச் சொல்ல முடியாது. எட்வர்டின் படை அருகிலுள்ள பாட்பரியில் வந்து இறங்கியபோது, அவர் வாயில்களையெல்லாம் அடைத்துக்கொண்டு, “வாழ்ந்தாலும் இங்கேதான், செத்தாலும் இங்கேதான்” என்றாராம். ஆனால் இருட்டியதும் குதிரையேறி, வடக்கே நார்தம்ப்ரியாவில் இருந்த டேனியரிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் அவரை மன்னராக ஏற்றார்கள். 902-இல் கிழக்கு ஆங்கிலியாவின் டேனியரைத் திரட்டி வந்து தேம்ஸ் நதியையும் கடந்து சூறையாடினார். பதிலுக்கு அவர்கள் நாட்டை அழித்த எட்வர்ட், படையைத் திரும்பச் சொல்லி ஏழு தூதர்களை அனுப்பியும், அந்தப் படையிலிருந்த கென்ட் நாட்டவர் பின்தங்கினர். அவர்களை டேனியர் வளைத்துக்கொண்டனர். ஹோம் என்ற இடத்தில் நடந்த அந்தப் போரில் களம் டேனியர் கையில் நின்றது. ஆனால் எதெல்வோல்ட் மாண்டார். இச்செய்திகளை எழுதிவைத்தது, முடிவில் வென்ற எட்வர்டின் தரப்பு என்பதை மறக்க வேண்டாம்.

நம் சீமையிலேயே இத்தகைய வழக்கு உண்டு. 1829-இல் சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லப உடையத்தேவர் மறைந்ததும், சகோதரர் வழியினர் ஜமீனைக் கைக்கொண்டனர். மகள் காத்தம நாச்சியார் விடாமல் வழக்காடினார். ஜமீன் அவர் தந்தை தாமே பெற்ற சொத்து என்று கூறி, அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1863-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எதெல்வோல்டுக்கு முறையிட அப்படியொரு மன்றம் இருந்ததில்லை.

கேள்வி: எதெல்வோல்டோடு அந்தத் தகராறு தீர்ந்ததா?
– வாசகி, காரைக்குடி

பதில்: எதெல்வோல்டின் வழியினர் அரியணை ஏறவில்லை. ஆனால் அதே சிக்கல் எட்வர்டின் வீட்டிலேயே திரும்பி வந்தது. ஹோம் போரில் மாண்ட கென்ட் தலைவர் சிகெல்மின் மகள் ஈட்கிஃபுவை எட்வர்ட் பின்னாளில் மணந்தார். அவர்களுடைய மகன் எட்மண்ட் மன்னராகி 946-இல் கொலையுண்டபோது, அவர் பிள்ளைகள் இருவரும் சிறுவர்கள். 871-இல் நடந்தது போலவே தம்பி ஈட்ரெட் முடிசூடினார். அவர் 955-இல் பிள்ளையின்றி இறந்தார். இம்முறை முடி அண்ணன் மகன் ஈட்விக்குக்குப் போயிற்று.