குடல் வலியா, பித்தப்பை வலியா?

கேள்வி: வயது 41. எட்டு வருடமாக, குடலில் வீக்கமும் புண்ணும் வரும் கிரோன் நோய். சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். அந்த நோய்க்காக, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாதயோபிரின் மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. ரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் மட்டும் கூடுதல். ஒரு டாக்டர் பித்தப்பையை எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். மாமியார் கீழாநெல்லி அரைத்துத் தருகிறார். என்ன செய்வது? - பெரம்பூர் வாசகி

பதில்: கல் வந்ததற்கு உங்கள் சமையலைக் குறை சொல்லாதீர்கள். கொழுப்பைச் செரிக்க வைக்கும் பித்த உப்புகள், வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். உங்களுக்கு அந்தப் பகுதியே இல்லை. உப்பு மலத்தோடு போய்விடுகிறது, பித்தநீரின் சேர்மானம் மாறுகிறது, கல் கட்டுகிறது.

பித்தப்பையை எடுப்பதா? இரண்டு டாக்டர்களில் யாராவது 'எங்கே வலிக்கிறது, எத்தனை நேரம்?' என்று கேட்டார்களா? முடிவு அதில்தான் இருக்கிறது. சாயங்காலம் நாலு பஜ்ஜி சாப்பிட்டு, ராத்திரி நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வலி பிடித்து, வலது தோள்பட்டை வரை இழுத்து, அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் நின்றால் அது பித்தப்பை. தொப்புளைச் சுற்றியோ வலது அடிவயிற்றிலோ முறுக்கி முறுக்கி வந்து, கழிவறை போய் வந்ததும் கொஞ்சம் தணிந்தால் பெரும்பாலும் குடல். முதல் வகை வலி வந்ததே இல்லை என்றால், ஸ்கேனில் கல் தெரிகிறது என்பதற்காக மட்டும் நான் கத்தி வைக்கச் சொல்ல மாட்டேன். வந்திருந்தால் எடுப்பதே நல்லது. ஆனால் ஒன்று, எடுத்த பிறகு பித்தநீர் தேங்க இடமின்றிக் குடலுக்குள் ஒழுகிக்கொண்டே இருக்கும். உங்களைப் போலக் குடல் குறைந்தவர்களுக்கு அதனால் பேதி கூடலாம். கிரோன் திரும்பிவிட்டது என்று நினைத்து ஸ்டீராய்டு தொடங்கிவிடாதீர்கள். பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் பொடியிலேயே அந்தப் பேதி அடங்கக்கூடும்.

கல்லைவிட எனக்கு உறுத்துவது அந்த அல்கலைன் பாஸ்பட்டேஸ்தான். அது கல்லீரலிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். கிரோன் நோயாளிகளுக்கு வைட்டமின் டி குறைவது சகஜம், அதிலும் இந்த எண் ஏறும். கல்லீரல், பித்தக்குழாய்க் கோளாறில் கூடும் ஜி.ஜி.டி. என்ற என்சைமுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால் எலும்பைப் பார்க்கலாம். அதுவும் கூடியிருந்தால் மூன்று பேர் மேல் சந்தேகம்: அசாதயோபிரின், பித்தக்குழாயில் நழுவி விழுந்த கல், பித்தக்குழாய்களே வீங்கித் தழும்பாகிச் சுருங்கும் பி.எஸ்.சி. என்ற நோய். கடைசியாகச் சொன்னது பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் உள்ளவர்களுக்குத்தான் அதிகம். கிரோனிலும், குறிப்பாகப் பெருங்குடல் பாதித்தவர்களுக்கு, வரும். எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேனில் பித்தக்குழாய்கள் தெரிந்துவிடும். உள்ளே எதையும் விட மாட்டார்கள், மெஷினில் அசையாமல் படுத்தால் போதும். பி.எஸ்.சி. என்று உறுதியானால், பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து கூடுவதால் வருடாவருடம் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்ய வேண்டியிருக்கும். பித்தப்பையை எடுப்பதா என்ற கணக்கும் அப்போது மாறும். அதனால் முதலில் இந்த எண்ணுக்குக் காரணம் தெரியட்டும்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். ஆனால் கீழாநெல்லியை இப்போதைக்கு நிறுத்துங்கள். ஏற்கெனவே மூன்று பேர் வரிசையில் நிற்கும்போது நாலாவதாக ஒன்றைச் சேர்த்தால் யாரைப் பிடிப்பது? சீந்தில் கொடியும் கூடாது, அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நம் நாட்டிலிருந்தே அறிக்கைகள் வந்திருக்கின்றன. அதே சமயம் அசாதயோபிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், வலி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்காதீர்கள், கிரோனைக் கிளப்பிவிடும். பாராசிட்டமால் போதும், அதன் அளவையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது பக்க வலி, கண் மஞ்சள், டிகாஷன் நிறத்தில் சிறுநீர் என்று சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பித்தக்குழாயில் சீழ் பிடித்திருக்கலாம். ராத்திரி இரண்டு மணியானாலும் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.