கணக்கு மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பத்து வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். டைப்பிங் வேகத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டை லெட்ஜரோடு (எங்கள் பேரேட்டோடு) ஒப்பிட்டு முடிக்க இரண்டு நாள் ஆகிவிடுகிறது. வேகமான கம்ப்யூட்டர் கேட்டு வாங்கலாமா?

பதில்: வாங்கினாலும் அந்த இரண்டு நாள் குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் இதே வேலையில் பல வருடம் இருந்தவள். நேரம் எங்கே போகிறது என்று ஒரு மாதம் முழுக்க நோட்டில் குறித்துப் பார்த்தேன். டைப் செய்ய ஆன நேரம் கொஞ்சம்தான். இல்லாத வித்தியாசத்தைத் தேடித்தான் பொழுது போயிருந்தது. தொகை இரண்டு பக்கமும் சரியாகவே இருக்கும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறாகத் தெரியும்.

முதலில் தேதியைப் பாருங்கள். ஸ்டேட்மென்ட்டில் நாள் முதலில் இருந்து, உங்கள் கம்ப்யூட்டர் மாதத்தை முதலில் படிக்கும்படி அமைந்திருந்தால், 03/04 என்ற ஏப்ரல் 3 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 13/04 மாறாது, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது. அது வெறும் எழுத்தாக எக்செல் செல்லின் (கட்டத்தின்) இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடதுபுறமும் சில வலதுபுறமும் நின்றால் அங்கேயே வேலையை நிறுத்திவிடுங்கள். வலதுபுறம் ஒழுங்காகத் தெரிபவைதான் தவறானவை. இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க நான் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

அதே மாதிரி எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க ரெஃபரன்ஸ் எண் வந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், பிறகு அதை மீட்க வழியில்லை.

அதனால் பேங்க் கொடுக்கும் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செல்லில் டேட்டா மெனுவுக்குப் போய் அங்கிருந்து உள்ளே கொண்டு வாருங்கள். எந்த நெடுவரிசை தேதி, அதில் நாள் முதலிலா மாதம் முதலிலா, எது எழுத்தாகவே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கேயே சொல்லிவிடலாம். இதற்குப் பவர் க்வெரி என்று பெயர். 2016 பதிப்பிலிருந்து எக்செல்லுக்குள்ளேயே இருக்கிறது. செய்த திருத்தங்களை வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் புது ஃபைலை அதே பெயரில் அதே இடத்தில் வைத்து ரெஃப்ரெஷ் கொடுத்தால் போதும். முதல் மாதம் அரை நாள் கூடுதலாகச் செலவாகும். தயங்காமல் செலவிடுங்கள்.

அப்புறம் ஒப்பிடுவது. விலுக்கப் (VLOOKUP) என்ற தேடும் ஃபார்முலாவைப் போட்டால் முதலில் கிடைக்கும் வரியோடு அது நின்றுவிடும். ஒரே மாதத்தில் 5,000 இரண்டு தடவை வந்திருந்தால் இரண்டுக்கும் அதே வரியைத்தான் காட்டும். நான் பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு, அந்தத் தொகை அதுவரை எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கவுன்ட்இஃப் (COUNTIF) ஃபார்முலா மூலம் எண்ணி, தொகையோடு சேர்த்துவிடுவேன். 5000-1, 5000-2 என்று ஆகிவிடும். லெட்ஜரிலும் அப்படியே செய்து, இந்தச் சேர்த்த எண்ணை வைத்துத் தேடுங்கள். ஜோடி சேராமல் நிற்கும் சில வரிகளை மட்டும் கண்ணால் பார்த்தால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் வித்தியாசம் வந்தால் அதை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 5,400-ஐ 4,500 என்று போட்டால் வித்தியாசம் 900. வகுபடவில்லையா, வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடுங்கள். பற்றுக்குப் பதில் வரவில் எழுதியிருக்கலாம். பேரேட்டுக் காலத்து வழிதான், இன்றைக்கும் எனக்குக் கைகொடுக்கிறது.

கேள்வி: கீபோர்டு ஷார்ட்கட்கள் எத்தனை மனப்பாடம் செய்ய வேண்டும்?

பதில்: நீண்ட பட்டியல் வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். கன்ட்ரோலோடு அம்புக்குறியை அழுத்தி நெடுவரிசையின் கடைசிக்குப் போவதில் தொடங்குங்கள். அடுத்து ஆல்ட்டோடு சமக்குறி, கூட்டல் தானாக வரும். நான் தாமதமாகக் கற்றுக்கொண்டு வருந்தியது ஆல்ட்டோடு அரைப்புள்ளி. மறைத்து வைத்த வரிகளை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அது தேர்ந்தெடுக்கும். அது தெரியாததால் மறைத்த வரிகளையும் சேர்த்து காப்பி செய்து, மொத்தத் தொகையே தவறாக ஒரு அறிக்கையை அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: வரிகளைக் கால்குலேட்டரில் கூட்டினால் 99.99, எக்செல் 100.00 காட்டுகிறது. எது சரி?

பதில்: 100-ஐ மூன்றாகப் பிரித்திருப்பீர்கள். செல்லில் 33.33 தெரிந்தாலும் உள்ளே 33.3333 என்று நீண்டுகொண்டே போகும் எண்தான் இருக்கிறது. எக்செல் அதைத்தான் கூட்டுகிறது. தசமத்தைக் குறைத்துக் காட்டுவதால் உள்ளே இருக்கும் எண் மாறாது. முதல் இரண்டு வரியில், எண்ணையே இரண்டு தசமத்தோடு நிறுத்தும் ரவுண்ட் (ROUND) ஃபார்முலா போடுங்கள். மூன்றாவது வரியை வகுக்காமல், மொத்தத்திலிருந்து கழித்து எடுங்கள். 33.34 வரும்.