அந்த அத்தியைத் தோண்டாதீர்கள்

அன்பின் அண்ணாவுக்கு,

போன வருடம் ஆவணியில் ஸ்காபரோவில் ஒரு பழைய வீடு வாங்கினோம். விற்றவர் வயதான ஓர் இத்தாலியர். சாவி தந்த அன்று பின்வளவுக்குக் கூட்டிப்போய் ஒரு அத்தி மரத்தைக் காட்டினார். என்னைவிட உயரம், கொப்பெல்லாம் காய். குளிர் தொடங்க முதல் அதை மண்ணுக்குள் படுக்க வைக்கவேண்டும் என்று கையாலும் காட்டிச் சொன்னார். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கார்த்திகையில் தடித்த பிளாஸ்டிக் தாளால் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டோம். சித்திரையில் அவிழ்த்தபோது உள்ளே ஈரமும் பூஞ்சணமும். இப்போது மே 20 தாண்டிவிட்டது. கொப்பை வளைத்தால் முறிகிறது, ஒரு துளிர்கூட இல்லை. கிளப்பிவிட்டு வேறு மரம் வைப்போம் என்கிறார் கணவர். அம்மா மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றுகிறா. 'ஊரில் அத்தியை யார் போர்த்தி வளர்த்தது?' என்றும் கேட்கிறா.

மரம் செத்துவிட்டதா? மைனஸ் 29 பாகை வரை தாங்கும் என்று அட்டை தொங்கிய 'சிக்காகோ ஹார்டி' அத்தியைக் கடையில் பார்த்தேன். அதை வாங்கி வைத்தால் இந்தப் பாடு இல்லையா?

ஒரு வாசகி, ஸ்காபரோ

*

அன்பின் தங்கைக்கு,

தோண்டாதீர்கள். ஜூன் முடியும்வரை அந்த மரத்தடிக்கு மண்வெட்டி போகக்கூடாது. அம்மா செய்வதுதான் சரி. தண்ணீரை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். இலையில்லாத மரம் அதிகம் குடிக்காது, களிமண்ணில் ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த நாட்டில் நான் வைத்த முதல் அத்தி இப்படித்தான் ஒரு மே மாத நடுவில் மொட்டைத் தடியாக நின்றது. முறித்துப் பார்த்தேன், உள்ளே ஒரே மண்நிறம். அலவாங்கு போட்டுக் கிளப்பி, வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன். மண்மட்டத்துக்கு நாலு விரல் கீழே, அடித்தண்டில், அரிசிமணி அளவில் மூன்று வெள்ளை முளைகள். ஒன்றின் நுனி இளஞ்சிவப்பாகக்கூட மாறத் தொடங்கியிருந்தது. நான் தட்டிய தட்டில் இன்னொன்று உதிர்ந்து நிலத்தில் கிடந்தது. உடனே திரும்ப நட்டேன். பாதி வேர் அறுந்துபோன மரம் எப்படிப் பிழைக்கும்? ஒரு முழுப் பனிக்காலத்தைத் தாங்கி வந்த மரத்தை, இரண்டு கிழமை பொறுக்கமுடியாமல் நானே கொன்றேன். இருபது வருடமாகியும் அந்த முளைகள் என் கண்ணில் நிற்கின்றன.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கொப்பின் நுனியில் தொடங்கி, நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டிக்கொண்டு கீழே வாருங்கள். பட்டைக்கு உள்ளே பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடிருக்கிறது. மண்நிறமாக இருந்தால் அதற்கு மேலே உள்ளது போய்விட்டது. தரைவரை பச்சையே காணவில்லை என்றாலும் கைவிடவேண்டாம். பல வருடம் வேரூன்றிய மரம் நிலத்துக்குக் கீழிருந்து முளைக்கும். உங்களுடைய மரமும் முளைக்கும் என்றே நம்புகிறேன்.

அம்மாவின் கேள்வியும் நியாயமானது. ஆற்றங்கரையில் நின்று அடிமரத்தில் குலைகுலையாகக் காய்க்கும் நம் ஊர் அத்தி வேறு மரம், அது இங்கே ஒரு குளிரைக்கூடத் தாண்டாது. உங்கள் வளவில் நிற்பது சீமை அத்தி. மேற்காசியாவிலும் மத்தியதரைக் கடலோரங்களிலும் பழகிய மரம், குளிர் வந்தால் இலையை உதிர்த்துவிட்டு உறங்கத் தெரிந்தது. அந்த உறக்கத்தைக் கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் நம்முடைய வேலை முழுக்க. போர்த்துவதை மரத்துக்குச் சூடு கொடுக்கிற காரியமாக நினைப்பதில் இருந்துதான் பிழைகள் தொடங்குகின்றன.

பிளாஸ்டிக் செய்த கேடும் அதுவே. மாசி பங்குனி வெயிலில் அந்தத் தாளுக்குள்ளே பகலில் வெக்கை ஏறும், இரவில் திரும்ப உறையும். ஈரம் வெளியேற வழியில்லை, பூஞ்சணம் பிடிக்கும். வசந்தம் வந்துவிட்டதென்று மரம் விழித்துச் சாற்றை மேலே ஏற்றும் நேரத்தில் அடுத்த உறைபனி வந்து அடிக்கும். உறங்கும் கொப்பு தாங்குகிற குளிரை விழித்த கொப்பு தாங்காது. ஜனவரியின் கடுங்குளிரைத் தாண்டி வந்து ஏப்ரலில் செத்த அத்திகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடையில் தொங்கும் அட்டைக்கு வருகிறேன். சிக்காகோ ஹார்டி நல்ல இனம்தான். புரூக்ளினில் இத்தாலியர்கள் நிறைந்திருந்த பென்சன்ஹர்ஸ்ட் பகுதியின் பெயராலும் அதை அழைப்பார்கள். ஆனால் அந்த மைனஸ் 29 வேருக்கான கணக்கு. நிலத்துக்கு மேலே இருக்கும் மரம் மைனஸ் 10, 12 பாகையிலேயே கருகத் தொடங்கிவிடும். ரொறன்ரோவில் மைனஸ் 20 புதினமில்லை. ஆகவே 'குளிர் தாங்கும் அத்தி' என்றால், மேலே முழுதும் செத்தாலும் வேரிலிருந்து எழும்பி, அந்த வருடத்துக் கொப்பிலேயே காய்க்கக்கூடிய அத்தி என்றுதான் பொருள். அத்திக்கு இரண்டு போகம் உண்டு. போன வருடக் கொப்பில் வருவது முதல் போகம், புதுக் கொப்பில் வருவது இரண்டாவது. முதல் போகத்தை நம்பியிருக்கும் இனங்கள், போர்த்தாமல் விட்டால், இங்கே வெறும் இலைதான் தரும்.

வேரிலிருந்து எழும்பினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜூன் நடுவில் முளைத்த தண்டு, காய் பிடிக்கும்போது ஓகஸ்ட் ஆகிவிடும். காய் கண்ணில் பட்டதிலிருந்து பழுக்க ஏறத்தாழ மூன்று மாதம். ஒக்டோபரில் உறைபனி வந்துவிடும், காயெல்லாம் பச்சையாகவே தொங்கும். பறித்து வைத்துப் பழுக்கப்போட அத்தி வாழைக்காய் இல்லை. மரத்தில் பழுத்தால்தான் பழம். முழங்கால் உயரத்துக்காவது பழைய தண்டைக் காப்பாற்றி வைத்திருந்தால், மே தொடக்கத்திலேயே துளிர் வரும், செப்டெம்பரில் பழம் சாப்பிடலாம். அந்த இத்தாலியர் ஒவ்வொரு வருடமும் மண்ணை வெட்டிச் சேர்த்துவைத்தது இந்த ஆறேழு கிழமையைத்தான். அதனால் எந்த இனத்தை வாங்கினாலும் உங்களுக்குக் கார்த்திகை வேலை உண்டு.

அவர் சொன்ன முறையைப் பழைய காலத்து மூடத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸ் பக்கத்து அர்ஜான்தெய்யில் 19ஆம் நூற்றாண்டில் அத்திப் பயிர் பேர்போனது. அங்கே குளிருக்கு முன் கொப்புகளை வளைத்து மண்ணில் புதைத்துத்தான் அதைக் காத்தார்கள். வெர்சாயில் 14ஆம் லூயி மன்னனின் தோட்டக்காரர் லா கென்தினி, மரங்களைப் பெட்டிகளில் வளர்த்துக் குளிருக்கு உள்ளே கொண்டுபோய் வைத்தார். அரசனுக்குக் கட்டடம் இருந்தது, கமக்காரனுக்கு மண் இருந்தது. வெளியே மைனஸ் 20 என்றாலும் சருகும் மண்ணும் மூடிய குழிக்குள் பூச்சியத்துக்கு அருகிலேயே நிற்கும். அத்திக்கு அது போதும்.

இப்போது உங்கள் மரத்தடியில் குந்தியிருந்து பாருங்கள். அடித்தண்டு நேராக எழும்பாமல் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்திருக்கிறதா? அப்படியென்றால் அவர் அதைப் படுக்கவைத்த திசை அதுதான். அதற்கு எதிர்ப்பக்கத்து மண்ணில் கையை விட்டால், பருத்த வேர்களை விட மெல்லிய நார்வேர்களே அகப்படும். வருடாவருடம் அந்தப் பக்கத்து வேரை அவர் வெட்டியிருப்பார்.

இலை முழுதும் உதிர்ந்த பிறகு, நவம்பரில் செய்கிற வேலை இது. சாயாத பக்கம் அடியிலிருந்து இரண்டடி தள்ளி அரைவட்டமாக மண்வெட்டியை இறக்கி வேரை அறுக்கவேண்டும். சாயும் பக்கம் மரத்தின் நீளத்துக்கு ஒன்றரை, இரண்டடி ஆழக் குழி. கொப்புகளைக் கயிற்றால் விளக்குமாறு போலச் சேர்த்துக் கட்டி, இரண்டு பேராக மெதுவாகச் சரிக்கவேண்டும். ஒருவர் அடியை மிதித்துப் பிடித்தால் நல்லது. சாக்கு, அதற்குமேல் காய்ந்த சருகு, பலகை, கடைசியில் மண். வெட்டுமுன் 'ஒன்ராரியோ வன் கோல்' (Ontario One Call) என்ற சேவைக்கு அறிவியுங்கள். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாக வந்து அடையாளமிடுவார்கள். பின்வளவென்றாலும் இது கட்டாயம்.

மேல்மரம் முழுதும் செத்து வேரிலிருந்து புதிதாக முளைத்தால் உங்களுக்கு இன்னும் எளிது. நாலைந்து தண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அவற்றை இளமையிலேயே ஒரு பக்கம் சாய்த்து வளர்த்தால் வளைக்கும்போது முறியாது. குழி வெட்ட உடம்பு இடங்கொடாவிட்டால், நவம்பரில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, சுற்றிவர எலி நுழையாத கம்பிவலையை நட்டு, உள்ளே சருகை அமுக்கி நிரப்பி, மழை இறங்காமல் மேலே மட்டும் மூடுங்கள். வலையை விட்டுவிடாதீர்கள். சருகுக்குள் குடியிருக்கும் எலி பட்டையைச் சுற்றிவரக் கொறித்தால் அந்தத் தண்டு முடிந்தது.

வெட்டும்போது கையுறை போடுங்கள். அத்திப்பால் பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கொப்பளிக்கும், தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உரத்தை ஜூலையோடு நிறுத்துங்கள். பிந்திப் போட்ட உரத்தில் கொப்பு தளதளவென்று வளரும், முற்றாமலே குளிருக்குள் போகும். மகரந்தம் சேர்க்க அத்திக் குளவி வேண்டுமே என்று யாராவது சொன்னால் கவலைப்படவேண்டாம். இந்தப் பக்கத்து வளவுகளில் நிற்பவை குளவியில்லாமலே பழுக்கும் இனங்கள். உங்கள் மரத்தில் போன வருடம் காய் இருந்ததே.

சிக்காகோ ஹார்டியை இப்போது வாங்கவேண்டாம். உங்கள் மரத்துக்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம், ஆனால் இந்த மண்ணில் காய்த்துக் காட்டிய மரம் அது. இலையுதிரும் காலத்தில் ஒரு சாண் நீளத்தில் இரண்டு மூன்று தடி வெட்டிச் சாடியில் ஊன்றி, உறையாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்மரத்துக்கு என்ன நடந்தாலும் அதன் இனம் கையில் இருக்கும்.

வீடு விற்றவரின் தொலைபேசி எண் உங்களிடம் இருந்தால் அவரைக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் படுக்கவைத்தீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் நவம்பரில் ஒரு நாள் வீட்டுக்கு அழையுங்கள். ஜூன் கடைசியில் எனக்கு எழுதுங்கள், முளையைப் படமெடுத்தும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணா